ஐந்து மணி வண்டிச் சத்தம்

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரத்துக்கு முன்னால் வருகிற ஊர் கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்குகிற கூட்ரோடு. பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போகிறவர்களுக்கு அது ஒரு பெயர்ப்பலகை. எனக்கு அத்தை வீடு.

கூட்ரோட்டில் மாமா டீக்கடை வைத்திருந்தார். காலை ஐந்து மணிக்குப் பால் கேனை டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அத்தை இரண்டு டம்ளரை எடுத்து வைப்பார். கடை திறப்பதற்கு முன் அவர்கள் இருவர் மட்டும் குடிக்கிற டீ அது. 2024 தை மாதத்தில் ஒரு விடிகாலை, பனிமூட்டத்தில் சாலையைக் கடக்கும்போது மாமா மேல் வண்டி மோதியது. 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் என்று அதற்கு முன்பும் நாளிதழில் படித்திருக்கிறேன். படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியும் இருக்கிறேன்.

சித்திரையில் போய் அத்தையோடு ஒரு வாரம் தங்கினேன். விடிகாலையில் யாரோ ஒரு பால்காரருடைய டிவிஎஸ் ஃபிஃப்டி தெருவில் போனது. அடுப்படியில் இருந்த அத்தையின் கை மேலே போய் இரண்டாவது டம்ளரை எடுத்து மேடையில் வைத்தது. வைத்த பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கவிழ்த்து வைத்தார்.

“தெரியாமலா எடுக்கறேன் தம்பி? எனக்குத் தெரியுது. கைக்குத்தான் தெரியமாட்டேங்குது” என்றார்.

பாலுக்கும் கருமாதிக்கும் நின்றவர், இறப்புச் சான்றிதழைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர், அவர் கைக்கு எப்படித் தெரியாமல் போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் மூளை விஞ்ஞானத்தின் ஓர் அழகான மூலைக்கு வந்து சேர்ந்தேன். அத்தை சொன்னது உவமை இல்லை. சொல்லுக்குச் சொல் அது உண்மை.

நம் மூளைக்குள் இடங்களுக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. அதை வரைகிற நரம்பணுக்களைக் கண்டுபிடித்ததற்காக ஜான் ஓ'கீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகிய மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. மோசர்களின் ஆய்வுக்கூடம் நார்வே நாட்டின் ட்ரோன்ஹெய்ம் நகரத்தில் இருக்கிறது. அங்கே 2013-ல் ஆல்பர்ட் சாவ் என்ற ஆய்வாளர் அவர்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். ஒரு பெட்டிக்குள் எலியை ஓடவிட்டு, ஓரிடத்தில் ஒரு பொருளை வைத்தார்கள். எலி அந்தப் பொருளின் பக்கத்தில் வரும்போது சில நரம்பணுக்கள் துடித்தன. இதில் வியப்பில்லை. பிறகு பொருளை எடுத்துவிட்டார்கள். அந்த அணுக்கள் அடங்கின. ஆனால் வேறு சில அணுக்கள், பொருள் இருந்த அந்த வெற்று இடத்துக்கு எலி வரும்போதெல்லாம் துடிக்கத் தொடங்கின. இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்று சொல்வதற்கென்றே அணுக்கள். ‘தடய அணுக்கள்’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். பொருள் போய் நாட்கணக்கில் ஆன பின்னும் அவை துடிப்பதை நிறுத்தவில்லை.

ஒரு பொம்மையளவு பொருளை நாலு தரம் பார்த்த எலிக்கே இப்படி. இருபத்தெட்டு வருஷம், நாள் தவறாமல், ஒரே நேரத்தில் ஒரே சத்தத்தோடு வந்து நின்ற ஒரு மனிதருக்கு ஒரு பெண்ணின் மூளைக்குள் எவ்வளவு பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் துக்கத்தை ஆராய்கிற மேரி-ஃபிரான்சிஸ் ஓ'கானர் இந்த எலிச் சோதனையை எடுத்துக்காட்டி ஒன்றைச் சொல்கிறார். மூளையில் இரண்டு வகை அறிவு பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று, நடந்ததை நினைவில் வைத்திருக்கிற அறிவு. ஆஸ்பத்திரி, சுடுகாடு, பதினாறாம் நாள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். இன்னொன்று, பந்தத்தோடு சேர்ந்து வளர்ந்த அறிவு. நம்முடையவர் எங்கே போனாலும் திரும்பி வருவார் என்பது அதன் அடிப்படைப் பாடம். மாமா விழுப்புரம் போனால் ராத்திரி வருவார், ஊருக்குப் போனால் நாலு நாளில் வருவார் என்று பல்லாயிரம் தடவை சரியாகிப்போன பாடம். ஒரே ஒரு தடவை அது பொய்த்ததால் மூளை உடனே அதை அழித்துவிடாது. முதல் அறிவு ஒரே நாளில் வந்துவிடுகிறது. இரண்டாவது அறிவு மாற மாதங்கள், வருஷங்கள் ஆகின்றன. துக்கம் என்பது அந்தக் காலத்தில் மூளை படிக்கிற படிப்பு.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இன்னொரு ஆய்வு தனியான மகிழ்ச்சி தரும். நாம் நெருங்கின சொந்தம், தூரத்துச் சொந்தம் என்கிறோம். மனசு விட்டுப்போனவனை எட்டிப் போய்விட்டான் என்கிறோம். உறவை அடிக்கணக்கில் அளக்கிறோம். 2014-ல் கரோலின் பார்க்கின்சனும் அவருடைய சகாக்களும் ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து மூன்று வகைத் தூரங்களைக் காட்டினார்கள். ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது, ஒரு சொல் எவ்வளவு காலத்துக்குப் பிந்தியதைக் குறிக்கிறது, ஒரு மனிதர் நமக்கு எவ்வளவு நெருக்கம். மூன்றையும் அளக்கும்போது மூளையின் வலப்பக்கத்தில், காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள ஒரே பகுதி ஒரே மாதிரி வேலை செய்தது. ஆகவே ஒருவர் இறந்ததும் மூளை திகைப்பதில் ஆச்சரியமில்லை. நெருக்கத்தில் கொஞ்சமும் குறையாத ஒருவர், இடத்திலும் இல்லை, நேரத்திலும் இல்லை. பக்கத்தில்தானே இருக்க வேண்டும், எங்கே போய்விட்டார் என்று அது தேடுகிறது. பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து பார்த்தால் அவர் மாதிரியே ஒருவர் தெரிவதும், கதவு தட்டினால் அவரோ என்று எழுவதும் அந்தத் தேடல்தான்.

மாமா போன புதிதில் அத்தையை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்படி அப்பா எவ்வளவோ கூப்பிட்டார். பிறந்த வீடு, அண்ணன் இருக்கிறான், அந்தச் சாலையை தினம் தினம் பார்த்துக்கொண்டு அங்கே என்ன என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். அத்தை மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

“நான் அங்க வந்துட்டா, அவரு இங்க கடையில இருக்கற மாதிரியே இருக்கும் தம்பி.”

இப்போது விளங்குகிறது. எலி அந்த மூலைக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் பொருள் அங்கே இல்லை என்ற பாடம் ஏறும். போகாமலே இருந்தால், மூளையைப் பொறுத்தவரை பொருள் அங்கேயே இருக்கிறது. கூட்டேரிப்பட்டு மாதிரி ஊரில் ஒதுங்கியிருக்கவும் முடியாது. அங்கே எல்லா மூலையும் அவர் மூலைதான். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே “அண்ணன் இல்லையா?” என்று கேட்பார். பூக்கட்டுகிற அம்மா கேட்பார். மயிலத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை காவடி எடுத்து வருகிறவர்கள், விஷயம் தெரியாமல், பங்குனி உத்திரத்தன்று வந்து கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அத்தை “இறந்துட்டாரு” என்று வாயால் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை. பெருநகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருந்தால் அந்தச் சொல்லை ஒரு நாளில் ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. எது கொடுமை, எது மருந்து என்று அந்தச் சித்திரையில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஆனி மாதம் போனபோது அதே சொல்லைச் சொல்லிக்கொண்டே மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்ததையும் பார்த்தேன்.

நம்முடைய சாவுச் சடங்குகளையும் இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்த்தேன். ஃபிரெஞ்சுக்காரரான இசபெல் கிளார்க்-டெசெஸ் என்ற மானுடவியலாளர் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக் கிராமங்களில், அதாவது இந்தப் பக்கத்து ஊர்களில், தங்கி ஒப்பாரிகளைக் கேட்டு 2005-ல் ஒரு புத்தகம் எழுதினார். இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்று பொருள்படும் தலைப்பு. கேட்கவே சுடுகிறது. ஆனால் அவர் பழி சொல்லவில்லை. வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு பாடுகிற பெண்கள், அந்த வீட்டுச் சாவைச் சாக்காக வைத்துத் தங்கள் சொந்த இழப்புகளைப் பாடுகிறார்கள் என்பது அவர் கண்டது. விட்டுவந்த தாய்வீடு, கைவிட்ட அண்ணன், என்றோ போன பிள்ளை. மாமா கிடந்த அன்று அதை நானும் கண்ணால் பார்த்தேன். தீவனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி மாமாவை நாலைந்து தடவைதான் பார்த்திருப்பார். அத்தையைக் கட்டிக்கொண்டு அவர் அழுத அழுகையில் இருந்தது அவருடைய தம்பியின் பெயர். அத்தைக்கு அது குறையாகத் தெரியவில்லை. “அன்னிக்கு அந்தம்மா அழுததுலதான் எனக்கு அழுகையே வந்துச்சு” என்றார் பின்னால். இந்த இழப்பைத் தாண்டி வந்த உடம்பு ஒன்று தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய செய்தி!

சடங்கின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பதினாறாம் நாள் அத்தையின் நெற்றியைத் துடைத்தார்கள், வளையலை உடைத்தார்கள். இழப்பைப் படித்துக்கொண்டிருக்கிற மூளைக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை. அது அவமானம், அவ்வளவுதான். கடையை மறுபடி திறந்த அன்று அத்தை சின்னதாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொண்டார். இரண்டொருவர் உற்றுப் பார்த்தார்கள். அவர் இட்லிப் பானையைத் திறந்து ஆவியை விட்டார்.

ஆமாம், டீக்கடை இட்லிக்கடை ஆகிவிட்டிருந்தது. பாய்லர் பக்கம் நிற்க முடியவில்லை என்றார்.

ஒரு ராத்திரி அத்தை தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். விளக்கை அணைத்துப் படுத்தால் பீடி வாசனை வருகிறதாம். திண்ணையில் அவர் உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரிகிறதாம். பயமில்லை, ஆறுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்றார். நான் அவருக்கு வேல்ஸ் நாட்டின் லானிட்லோஸ் என்ற சின்ன ஊரைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பகுதியில் வைத்தியம் பார்த்த டெவி ரீஸ் என்ற டாக்டர், துணையை இழந்த 293 பேரிடம் பொறுமையாகப் பேசி 1971-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தவரைத் தங்கள் பக்கத்தில் உணர்ந்திருந்தார்கள். சிலர் பார்த்தார்கள், சிலர் குரலைக் கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் டாக்டர் கேட்கும்வரை அதை யாரிடமும் சொன்னதில்லை. பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. அவர்கள் யாரும் பைத்தியமில்லை, வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருந்த சாதாரண மனிதர்கள். அத்தை கேட்டுவிட்டு, “அந்த ஊர்லயுமா?” என்றார். அப்புறம் நிம்மதியாகத் தூங்கினார்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் இதை எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசி. எஞ்சி நிற்கிற குடும்பத்தாருக்கு அது படிக்கட்டாக அமைவதில்லை. நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கூட் இருவரும் 1999-ல் சொன்னது என் கண்ணுக்குப் பொருத்தமாகப் படுகிறது. மனம் ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வருகிறது. ஒரு பக்கம் இழப்பு, மறுபக்கம் வாழ்க்கையைத் திரும்பக் கட்டுகிற வேலை. வேலையில் மூழ்கித் துக்கத்தை மறந்திருப்பது தப்பித்தல் இல்லை, அது ஓய்வு. திரும்பி வந்து அழுவது தோல்வி இல்லை, அதுவும் வேலை.

இதை நான் ஒரு வெள்ளத்தின்போது பார்த்தேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் பெய்த மழை சுமார் 50 சென்டிமீட்டர். அரைமீட்டர் உயரத்துக்கு வானமே இறங்கிவந்த மாதிரி. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. அத்தையின் கடைக்குள் முழங்கால் வரை. மாவு, அரிசி, பருப்பு எல்லாம் போனது. பத்து நாள் அவர் அழவே இல்லை. அக்கம்பக்கத்துக்குக் கஞ்சி காய்ச்சினார், சேறு வாரினார், நிவாரணத்துக்கு வரிசையில் நின்றார். பதினோராம் நாள் பலகைக்குக் கீழே சேற்றுக்குள் கம்பி வளையத்தோடு ஒரு துணி கிடைத்தது. மாமாவின் டீ வடிகட்டி. கறை பிடித்துப் பழுப்பேறிய துணி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை அழுதது தெருவுக்கே கேட்டது. மாலையில் எழுந்து போய் அதை அலசிக் கொடியில் போட்டார். மறுநாள் கடை திறந்தது.

உடம்பும் இதில் பங்கு கொள்கிறது. நெஞ்சை அடைக்கிறது என்று துக்க வீட்டில் யாராவது சொன்னால் மனக்கஷ்டம் என்று தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிடாதீர்கள். ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் ஒரு நோயை விவரித்தார்கள். கடும் அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை வீங்கி, கழுத்து குறுகிய பானைபோல் ஆகிவிடுகிறது. ஆக்டோபஸ் பிடிக்கிற பானைக்கு ஜப்பானில் டகோட்சுபோ என்று பெயர், நோய்க்கும் அதையே வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள், ஆனால் உடனே மருத்துவம் வேண்டும். ஆண்களும் தப்புவதில்லை. பிரிட்டனில் மனைவியை இழந்த 4,486 பேரைப் பின்தொடர்ந்த காலின் முர்ரே பார்க்ஸ் குழுவினர், முதல் ஆறு மாதத்தில் இறப்பு வழக்கத்தைவிட 40 சதவீதம் கூடியிருந்ததை 1969-ல் எழுதினார்கள்.

சிலருக்கு ஊஞ்சல் ஒரே பக்கம் சிக்கிக்கொள்கிறது. ஓ'கானர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், தாயையோ சகோதரியையோ மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த 23 பெண்களுக்கு இறந்தவரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். எல்லோருக்கும் வலி தெரிந்தது. துக்கத்தில் சிக்கிக்கொண்ட பெண்களிடம் மட்டும் இன்னொன்றும் தெரிந்தது. பசித்தவருக்குச் சாப்பாடு வரும்போது விழித்துக்கொள்கிற, ஆசைக்கும் ஏக்கத்துக்குமான ஒரு சிறு மையம் அவர்களிடம் ஒளிர்ந்தது. அவர்கள் மூளை இன்னும் காத்திருக்கிறது. ஒரு வருஷம் தாண்டியும் இந்த ஏக்கம் தணியாமல் அன்றாடத்தையே முடக்கிப் போட்டால் அதை நீடித்த துக்கநோய் என்று 2022 முதல் அமெரிக்க மனநலக் கையேடும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் வழக்கத்தில் தலைத்திவசம் வருகிற அதே ஒரு வருஷம். இதற்குச் சிகிச்சை உண்டு. கேத்தரின் ஷியர் வகுத்து 2005-ல் சோதித்த முறையில் 16 அமர்வுகள். நடந்ததைக் கண்ணை மூடித் திரும்பச் சொல்வதும், ஒதுக்கி வைத்த இடங்களுக்குத் திரும்பிப் போவதும் அதில் முக்கியம். அந்தச் சோதனையில் 51 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான பேச்சுச் சிகிச்சையில் 28 சதவீதம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அரசின் டெலி-மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

புதிதாகத் தொடங்குவது என்பது உடம்பில் எப்படி நடக்கிறது? வட அமெரிக்கப் புல்வெளியில் பிரெய்ரி வோல் என்றொரு சின்ன எலி இனம் வாழ்கிறது. ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸோயி டொனால்ட்சன் குழுவினர் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த எலி தன் ஜோடியைச் சேர வழி திறக்கும்போது அதே ஏக்க மையத்தில் டோபமின் பெருக்கெடுக்கிறது. யாரோ ஒரு எலியிடம் போகும்போது அவ்வளவு இல்லை. நான்கு வாரம் ஜோடியைப் பிரித்து வைத்த பிறகு பார்த்தால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதன் பின் அவை வேறு துணையோடு சேரவும் முடியும். முதல் முறை படித்தபோது எனக்கு இது துரோகம்போல் பட்டது. அத்தையைப் பார்த்த பிறகு அப்படிப் படவில்லை. தேடலின் அவசரம் தணிகிறது, அவ்வளவுதான்.

போன பங்குனிப் பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார் அத்தை. மயிலம் வழியாகப் போனோம். கும்பிட்டுவிட்டு வரும் வழியில் கல்மரப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள். நீரில் கரைந்த சிலிக்கா மரத்துக்குள் ஊறி, அணு அணுவாக மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரம் இப்போது அதில் இல்லை. ஆனால் வருடவளையம் இருக்கிறது, கிளை முளைத்த கணு இருக்கிறது. புளியமரத்துக்குச் சொந்தமான மரங்களும் அவற்றில் உண்டு என்று அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள்.

அத்தை ஒரு அடிமரத்தின் முன் குனிந்து வெகுநேரம் வளையங்களைப் பார்த்தார். விரலால் ஒன்றிரண்டு எண்ணினார்.

“மரம்னே தெரியுது இல்ல?” என்றார்.

“தெரியுது அத்தை.”

“இருபத்தெட்டு இருக்கும்.” எண்ணியதை அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். வெயில் ஏறியிருந்தது. நாலு மணிக்குள் ஊர் போய் மாவு ஆட்ட வேண்டும் என்று வண்டிப் பக்கம் நடந்தார். வழியில் மயிலத்தில் நிறுத்தி டீ குடித்தோம். நான் சொல்லும் முன்பே அவர் கடைக்காரரிடம் விரலைக் காட்டி, “ரெண்டு” என்றார்.